சிறுவயதில் உங்கள் கையை விட்டு இறங்காத விளையாட்டுப் பொருள் எது?

கேள்வி:
பள்ளி விட்டு வந்ததும் பையை ஓரமாக வைத்துவிட்டு நான் தேடி ஓடியது, கண்ணை வைத்துப் பார்த்தால் வண்ணக் கோலங்கள் காட்டும் கலைடாஸ்கோப் குழாயைத்தான். அதில் கண்ட அழகான கோலத்தைத் தம்பிக்கும் காட்ட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயை நீட்டுவேன். அவன் கைக்குப் போவதற்குள் உள்ளிருக்கும் வண்ணத் துண்டுகள் சரிந்து, அந்தக் கோலம் கலைந்துவிடும். உங்களுக்குப் பிடித்தது எது?

பதில் 1:
ஹங்கேரியின் எர்னோ ரூபிக் 1974இல் உருவாக்கிய வண்ணக் கனசதுரப் புதிர். ஒரு பக்கம் முழுவதும் ஒரே நிறத்தைச் சேர்த்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முதல் பக்கம் குலைந்துபோகும். ஒவ்வொரு பக்கத்தின் நடுச் சதுரமும் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை என்று மேல்வகுப்பு அக்கா ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் எனக்கு வழி புலப்பட்டது. அந்த அக்காவை இன்றும் நன்றியுடன் நினைக்கிறேன்.

பதில் 2:
எனக்குப் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியே விளையாட்டுப் பொருள். திரையருகே கையைக் கொண்டுபோனால் நிலைமின்னூட்டத்தால் முடிகள் சிலிர்த்து நிற்கும். வாரம் ஒருமுறை வரும் தொடரைத் தவறவிட்டால், மறுநாள் இடைவேளையில் நண்பன் நடித்துக்காட்டுவதைத்தான் பார்க்க வேண்டும். உண்மையில், திரையில் பார்த்த கதைகளைவிட அவன் சொன்ன கதைகளே எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

பதில் 3:
கலைடாஸ்கோப்புக்கு ஸ்காட்லாந்து அறிவியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817இல் காப்புரிமை பெற்றார். முகம் பார்க்கும் கண்ணாடிப் பட்டைகள் இரண்டும், சில வண்ணத் துண்டுகளும், ஓர் அட்டைக் குழாயும் இருந்தால், அதை இன்றும் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யலாம்.