கார்டைக் கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது

கீழக்கரையில் லாத்தா (அக்கா) வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை 4 இருக்கிறது. உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், சுருக்கமாக 'பை'. 2019-ல் அது வெளிவந்த புதிதில் வாங்கியது. மருமகனின் ஆன்லைன் வகுப்பெல்லாம் அதில்தான். கடலை ஒட்டின தெரு, காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். அப்படிப் போய்ப் போய் ஓஎஸ் இருந்த எஸ்டி கார்டுகள் இரண்டு கெட்டுவிட்டன. மூன்றாவதும் போவதற்குள் யூஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டி டிரைவுக்கு மாறிவிடலாம், அப்படியே உபுண்டு 20.10 என்ற ஓஎஸ்ஸையும் போட்டுவிடலாம் என்று 2021 தொடக்கத்தில் உட்கார்ந்தேன்.

எஸ்எஸ்டியில் உபுண்டுவை எழுதி, யூஎஸ்பியில் மாட்டி, கார்டைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், திரும்பவும் எழுதினேன், உப்புக்காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். "மாமா, எட்டரைக்கு கிளாஸ்" என்று மருமகன் பக்கத்திலேயே நிற்கிறான்.

விஷயம் வேறு இடத்தில் இருந்தது. முந்தைய மாடலான பை 3 வரைக்கும் பூட் ஆவதற்கான, அதாவது ஆன் செய்ததும் ஓஎஸ் தொடங்குவதற்கான கோப்பு கார்டிலேயே இருக்கும். கார்டை மாற்றினால் அதுவும் புதிதாகிவிடும். பை 4-ல் அந்த வேலையைச் செய்யும் பூட்லோடர் என்ற சிறு புரோகிராம், போர்டிலுள்ள ஈஈப்ராம் என்ற நினைவகச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது. எந்த ஓஎஸ் போட்டாலும் அது பழையதாகவே இருக்கும். 2019-ல் வந்த பூட்லோடருக்கு யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யவே தெரியாது. அந்த வசதி 2020 செப்டம்பரில்தான் எல்லோருக்குமான பதிப்பில் வந்தது.

நல்லவேளை, பழைய கார்டை நான் அழிக்கவில்லை. திரும்ப மாட்டி, முதலில் சிஸ்டம் முழுவதையும் அப்டேட் செய்தேன். அப்புறம் டெர்மினலில் ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட் (rpi-eeprom-update) கட்டளை. சிப்பில் இருக்கும் பதிப்பின் தேதியையும் கிடைக்கும் புதுப் பதிப்பின் தேதியையும் மேலும் கீழுமாகக் காட்டியது. ஒன்றரை வருட இடைவெளி! அதே கட்டளையோடு 'மைனஸ் ஏ' (-a) சேர்த்துக் கொடுத்தால் உடனே எழுதிவிடாது, ரீபூட் ஆகும்போதுதான் சிப்பில் எழுதும். அந்தச் சில நொடிகளில் கரண்ட் போகக்கூடாது. பையை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டுத்தான் ரீபூட் கொடுத்தேன். அதன்பின் கார்டு இல்லாமலே உபுண்டு வந்துவிட்டது. எட்டு இருபத்தைந்துக்கு.

ஓஎஸ் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். புதியது எழும்பாவிட்டால் அந்தக் கட்டளையை அடிக்க இடமே இருக்காது.

*

உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தொண்டியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் பயந்தது எனக்கு நடந்தே விட்டது. ஐப்பசி மழை, ரீபூட் கொடுத்த நொடியில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது பை எழும்பவில்லை. போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் கார்டில் ஓஎஸ் எழுதும் ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளில் பூட்லோடரை மீட்பதற்கென்றே ஒரு இமேஜ் (கார்டில் அப்படியே எழுதும் கோப்பு) இருக்கிறது. தம்பியின் லேப்டாப்பில் அதை ஒரு வெற்றுக் கார்டில் எழுதி, பையில் போட்டு ஆன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு நிற்காமல் படபடவென்று சிமிட்டியது, திரை முழுக்கப் பச்சையானது. அப்படியானால் எழுதி முடித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கார்டை இன்னும் அழிக்கவில்லை, பையின் டப்பாவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.