மூணு ரிங் ஃபிரேம், ஃபிரேமுக்கு அஞ்சு லீ: பார்ட்லெட்டா, லெவீனா?

கப்பலூர்க்காரன்
மதுரை கப்பலூர்ப் பக்கத்து நூற்பாலைக்கான கணக்கு. 40-ஆம் நம்பர் பருத்தி நூல். ஏ, பி, சி மூன்றும் ரிங் ஃபிரேம்கள், அதாவது நூல் நூற்கும் இயந்திரங்கள். லீ என்பது 120 கெஜ நூல் மாதிரி. முறையைப் பேசுவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள் இவை, எல்லாமே கவுண்ட் (நூலின் நம்பர், கூடினால் நூல் மெல்லியது):

ஏ: 39.6, 39.9, 40.0, 40.2, 40.4
பி: 39.5, 39.8, 40.1, 40.3, 40.5
சி: 38.6, 39.5, 40.0, 40.7, 41.5

சராசரி மூன்றிலும் 40-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சி ஃபிரேமின் ஏற்ற இறக்கம் நிஜமாகவே அதிகமா என்பதுதான் கேள்வி. ஏற்ற இறக்கம் சமமா என்று பார்க்க பார்ட்லெட், லெவீன் என்று இரண்டு சோதனைகள் போட்டேன். பார்ட்லெட்டில் p-மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு தள்ளி வருவதற்கான வாய்ப்பு; 0.05-க்குக் கீழே என்றால் வித்தியாசம் உண்டு என்று கொள்வது வழக்கம்) 0.032. லெவீனில் ஒரு மென்பொருள் 0.055 தருகிறது, இன்னொன்று 0.071. எதை எடுத்துக்கொள்வது?

வைகைக்கரை
பார்ட்லெட்தான். வேரியன்ஸ் (ஏற்ற இறக்கத்தின் அளவு, திட்ட விலக்கத்தின் வர்க்கம்) ஏ-வில் 0.092, பி-யில் 0.158, சி-யில் 1.233. சேர்த்த வேரியன்ஸ் 0.494. திருத்தக் காரணி 1.111-ஆல் வகுத்த பிறகு விடை 6.87. வரையற்ற பாகைகள் (குழு எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 2-க்கு கை-வர்க்க அட்டவணை எல்லை 5.99, தாண்டிவிட்டது. 120 கெஜ நூலின் எடை என்பது லட்சக்கணக்கான இழைகளின் கூட்டுத்தொகை, அது இயல்நிலைப் பரவலை (மணி வடிவப் பரவலை) ஒட்டித்தான் வரும். பார்ட்லெட் கேட்கும் நிபந்தனை அதுதான்; அது பொருந்துகிற இடத்தில் பார்ட்லெட்டை விடக் கூர்மையான சோதனையை எதற்குத் தேட வேண்டும்?

யானைமலை
"ஒட்டித்தான் வரும்"னு எதை வச்சு சொல்றீங்கண்ணே? அஞ்சு புள்ளியில இயல்நிலையை யாராலும் சோதிக்க முடியாது. பார்ட்லெட் 1937-லேயே வந்துருச்சு. வால் நீண்ட பரவல்ல அது வேரியன்ஸ் சமமா இருந்தாலும் இல்லைன்னு சொல்லிரும்னு 1953-ல பாக்ஸ் காட்டிட்டார். அதாவது அது சோதிக்கிறது வேரியன்ஸையா, பரவலோட வடிவத்தையான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

லெவீன்ல ஏன் ரெண்டு விடைன்னு கேட்டாரே, அதுக்கும் சொல்றேன். 1960-ல லெவீன் சொன்னது, ஒவ்வொரு எண்ணும் தன் குழுவோட சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு எடுத்து, குறியை விட்டுட்டு, அந்தத் தூரங்களுக்கு அனோவா (குழுச் சராசரிகள் ஒண்ணுதானான்னு பார்க்கிற சோதனை) போடுறது. 1974-ல பிரவுனும் ஃபார்சைத்தும் சராசரிக்குப் பதிலா இடைநிலையை (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற எண்ணை) வச்சாங்க. பைத்தான் மொழியோட சைபை தொகுப்பு, ஆர் மென்பொருள்ல கார் தொகுப்பு ரெண்டும் எதுவும் சொல்லாம விட்டா இடைநிலையைத்தான் எடுக்கும். நம்ம எண்கள்ல அந்தத் தூரங்களோட சராசரி 0.22, 0.30, 0.82. குழுக்களுக்கு இடையில இருக்கிற விலகலைக் குழுவுக்குள்ள இருக்கிற விலகலால வகுத்த எஃப் 3.32, எல்லை 3.89. தாண்டல.

வைகைக்கரை
தம்பி, அந்தத் தூரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏ: 0.4, 0.1, 0, 0.2, 0.4. பி: 0.6, 0.3, 0, 0.2, 0.4. சி: 1.4, 0.5, 0, 0.7, 1.5. ஒவ்வொரு குழுவிலும் ஒரு சுழி. ஐந்து எண் என்றால் இடைநிலை அவற்றில் ஒன்றாகவே இருக்கும், தன்னிலிருந்து தனக்கு உள்ள தூரம் சுழிதான். அது நூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சி-யின் உள்விலகலை ஊதிவிட்டு எஃப்-ஐக் கீழே இழுக்கிறது. சிறிய ஒற்றைப்படை மாதிரிகளில் இந்தச் சோதனை உண்மையான வித்தியாசத்தையும் தவறவிடும்.

யானைமலை
அது சரிதான், ஒத்துக்கிறேன். அதுக்காக பார்ட்லெட் சரின்னு ஆகிடாது.

ஒத்தக்கடை
இருவரும் எதற்காக இந்தச் சோதனை என்பதை விட்டுவிட்டீர்கள். நெல் வயலில் நான்கு ரகத்தின் விளைச்சலை ஒப்பிடும்போது அனோவாவுக்கு முன்னால் லெவீன் போட்டு, "தேறிவிட்டது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதை நான் எதிர்க்கிறேன். மாதிரி சிறிதானால் கோளாறு இருந்தும் அகப்படாது, பெரிதானால் பொருட்படுத்த வேண்டாத வித்தியாசத்துக்கும் மணி அடிக்கும். முழுச் சமவாய்ப்பு முறையில் (எந்தப் பாத்திக்கு எந்த ரகம் என்று குலுக்கி) போட்ட ஒப்பீடு என்றால் நேரே வெல்ச் முறைக்குப் போங்கள். 1951-லிருந்து இருக்கிறது, சம வேரியன்ஸே கேட்காது.

நூல்கணக்கு
வயலுக்கு அது பொருந்தும். ஆலையில் வேரியன்ஸே கேள்வி. வெல்ச் போட்டால் மூன்று சராசரியும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுப் போகும், பின்னலாடைத் துணியில் பட்டை விழுவது நிற்காது. ஏ-யின் கவுண்ட் மாறுபாட்டு விழுக்காடு (திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை விழுக்காடு) 0.76, சி-யினுடையது 2.77.

"ஒரே ஒரு ஃபிரேம் எகிறுகிறதா" என்பதுதான் கேள்வி என்றால் அதற்கென்றே 1941-லிருந்து காக்ரன் சோதனை இருக்கிறது. பெரிய வேரியன்ஸை மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.831, எல்லை 0.746. எல்லாக் குழுவிலும் சம எண்ணிக்கை வேண்டும், இயல்நிலையும் வேண்டும்.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால் தராசைப் பாருங்கள். நூலை அளந்து சுற்றும் ராப் ரீலில் 80 சுற்று 120 கெஜம். 64.8-ஐ கிராமில் உள்ள எடையால் வகுத்தால் கவுண்ட், 40-க்கு 1.62 கிராம். தராசு 0.01 கிராம் மட்டும் காட்டினால் ஒரு படிக்கு கவுண்ட் ஏறத்தாழ 0.25 தாவும். அதில் 39.9-ஐயும் 40.0-ஐயும் பிரிக்கவே முடியாது, ஏ-யின் மொத்த வீச்சே மூன்று படியைச் சற்றுத்தான் தாண்டும். 0.001 கிராம் தராசு கட்டாயம்.

அடுத்து, ஐந்து லீயும் ஒரே காப்பிலிருந்து (நூல் சுற்றிய குழலிலிருந்து) வந்தால் அவை ஐந்து தகவல் ஆகாது. ஒவ்வொன்றும் வேறு ஸ்பிண்டிலிலிருந்து (காப் சுழலும் கதிரிலிருந்து), டாஃபின் (நிறைந்த காப்புகளைக் கழற்றும் சுற்றின்) ஒரே கட்டத்தில் எடுக்க வேண்டும். காலையில் ஏ, மத்தியானம் சி என்று நிறுக்கவும் கூடாது. பஞ்சு ஈரத்தை வாங்கும், விடும். மூன்றையும் ஒரே அறையில் ஆறவிட்டு, கலந்து நிறுங்கள்.

கப்பலூர்க்காரன்
அப்படியானால் எத்தனை லீ எடுக்கலாம் சார்?

நூல்கணக்கு
சி-யின் திட்ட விலக்கம் 1.11. ஐந்து லீயில் அதன் 95 விழுக்காடு இடைவெளி 0.67 முதல் 3.19 வரை. இதை வைத்து ஃபிரேமை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. 20 லீ எடுத்து அதே 1.11 வந்தால் இடைவெளி 0.84-க்கும் 1.62-க்கும் நடுவில் நிற்கும். ஃபிரேமுக்கு 20-க்குக் குறையாதீர்கள்.

யானைமலை
20 ஆச்சுன்னா அந்தச் சுழியோட பாதிப்பும் கரைஞ்சிடும். அப்ப இடைநிலை லெவீனையே போடலாம்.

வைகைக்கரை
20 புள்ளியை இயல்நிலைத் தாளில் (இயல்நிலைப் பரவல் நேர்கோடாகத் தெரியும் வரைபடத் தாளில்) வரைந்து கோடு நேராக இருந்தால் நான் பார்ட்லெட்தான் போடுவேன்.

நூல்கணக்கு
கோடு நேராக வராமலும் போகலாம். சி-யில் இரண்டு சிம்ப்ளக்ஸின் (ரிங் ஃபிரேமுக்கு முந்தைய இயந்திரத்தின்) ரோவிங்கை, அதாவது நூலாகும் முன் உள்ள தடித்த பஞ்சுத் திரியை, கலந்து மாட்டியிருந்தால் புள்ளிகள் இரண்டு கும்பலாகப் பிரியும். அந்தத் தட்டையான பரவலில் பார்ட்லெட்டும் மந்தமாகிவிடும். லீ எடுக்கும்போதே ஸ்பிண்டில் எண்ணையும் ரோவிங் எந்த சிம்ப்ளக்ஸ் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். 38.6 வந்த ஸ்பிண்டிலை மறுநாள் தேடிப் போக அந்த எண் வேண்டும்.