ஹேர்ஸ்பிரே துரு: முன்பக்கம் அசையவே இல்லை, பின்பக்கம் தகடு தகடாக உரிகிறது

தாழ்வாரப்படகு
வணக்கம். 1/108 அளவுத் துறைமுக இழுவைப் படகு, பிளாஸ்டிக். உடலின் பக்கங்களில் கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து அடியில் துரு தெரிய வேண்டும். அதற்கு நடுவில் ஹேர்ஸ்பிரே அடித்து, பிறகு தண்ணீரில் அதைக் கரைத்து மேல் பெயின்டை உதிர்க்கும் முறை. செய்த வரிசை இது:

அடியில் துருவுக்குத் தமியா பெயின்ட் எக்ஸ்எஃப்-64 (செம்பழுப்பு), ஏர்பிரஷில். ஒரு மணி நேரம் கழித்து ஹேர்ஸ்பிரே, டப்பாவிலிருந்து நேராக. அதன்மேல் கறுப்பு. முன்பாதிக்குத் தமியா எக்ஸ்எஃப்-69, லாக்கர் தின்னர் கலந்தது. பின்பாதிக்கு வல்லேஹோ அக்ரிலிக் பெயின்ட். மறுநாள் காலை தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன்.

முன்பாதியில் ஒரு பொட்டுகூட வரவில்லை. பின்பாதியில் விரல்நகம் அளவுக்குப் பெயர்கிறது, இரண்டு இடத்தில் அடிப்பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. தெரிகிற துருவும் செங்கல் நிறத்தில் தட்டையாக இருக்கிறது. இதற்கிடையே மழை நேரத்தில் மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற மேற்பூச்சு) அடித்த மாலுமி அறை பால் படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. எதை மாற்ற வேண்டும்? முழுக்கக் கழுவித் தொடங்க வேண்டுமா?

எண்ணெய்வண்ணம்
நான்கும் தனித்தனிக் கோளாறு.

முன்பாதி: லாக்கர் தின்னர் தமியா பெயின்டை ஹேர்ஸ்பிரேக்குள் கடித்து இறங்க வைக்கும். போதாக்குறைக்கு ஓர் இரவு காய்ந்திருக்கிறது. இந்த முறைக்கு தமியாவைத் தண்ணீரில் கலக்குங்கள், பெயின்ட் 1, தண்ணீர் 1. கொஞ்சம் பொரிப்பொரியாக விழும், அதுதான் வேண்டும். அடித்து அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும்.

பின்பாதி: வல்லேஹோ காய்ந்தால் ரப்பர் தோல் மாதிரி படலமாகிவிடும். ஓரம் கிளம்பினால் தோல் முழுவதும் இழுபடும். கறுப்புக்குத் தமியாவையே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அடித்தது தெரியாத அளவுக்கு மெல்லிசாக இரண்டு பூச்சு. கனமாக அடித்தால் எந்தப் பெயின்டும் தகடாகத்தான் வரும்.

அடிப்பூச்சு பெயர்ந்தது: துருவுக்கும் ஹேர்ஸ்பிரேக்கும் நடுவில் லாக்கர் கிளியர் இல்லை. துரு நிறங்கள் முடிந்ததும் செமி-கிளாஸ் லாக்கர் ஒரு பூச்சு, ஓர் இரவு காய விடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள்.

ஹேர்ஸ்பிரே 20–25 செ.மீ. தூரத்திலிருந்து இரண்டு லேசான வீச்சு, நடுவில் பத்து நிமிடம். ஈரம் மினுங்கி ஓடினால் அதிகம். மேலே வரும் பெயின்ட் சேற்று வெடிப்பு மாதிரி விரியும். தேய்க்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவி ஒரு நிமிடம் ஊறட்டும். பிறகு முடி கத்தரித்த பழைய பிரஷால் குத்துங்கள், இழுக்காதீர்கள். நுண்கீறலுக்குப் பல்குச்சி போதும்.

துரு தட்டையாகத் தெரிவது ஒரே நிறம் என்பதால். பழைய துரு கரும்பழுப்பு, புதுத் துருதான் ஆரஞ்சு. எக்ஸ்எஃப்-9 (கப்பலடிச் சிவப்பு) மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-1 (கறுப்பு) ஒரு பங்கு கலந்து முழுவதும் அடியுங்கள். அதன்மேல் கிழித்த ஸ்பஞ்சால் எக்ஸ்எஃப்-64 திட்டுத்திட்டாக, பாதி இடத்தில். கடைசியாக எக்ஸ்எஃப்-64, எக்ஸ்எஃப்-60 (அடர்மஞ்சள்) சம அளவு, பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் போகாமல். கருமை நிறைய, வெளிச்சம் கொஞ்சம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஈரக்காற்று
வெளுப்பு பற்றி. லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. நம் சிங்கப்பூரில் மழை பெய்யும் பிற்பகலில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏர்கான் அரை மணி நேரம் ஓடிய அறையில் அடியுங்கள், லாக்கர் தின்னரில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) 5–10 சதவீதம் சேருங்கள். வெளுத்த மாலுமி அறைக்கு, காய்ந்த நாளில் ரிடார்டர் கலந்த கிளாஸ் கிளியர் ஒரு மெல்லிய பூச்சு அடித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லையென்றால் குற்றம் ஈரத்தில் இல்லை, மேட் பொடி அடியில் தங்கியிருக்கிறது. டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

இன்னொன்று: கம்ப்ரசர் குழாயில் ஈரப்பொறி இருக்கிறதா? இல்லையென்றால் நீர்த்துளி ஹேர்ஸ்பிரேமீது தெறித்து, நீங்கள் கேட்காத இடத்தில் வட்ட ஓட்டை விழும்.

வீவக அடுக்குமாடி வீட்டில் சர்வீஸ் யார்டு அடுப்படியை ஒட்டியே இருக்கும். ஹேர்ஸ்பிரேயும் லாக்கரும் தீப்பற்றுபவை, அடிக்கும்போது கேஸ் அடுப்பு எரியக்கூடாது. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும்.

நங்கூரக்கண்
நுட்பத்துக்கு முன்னால் துரு எங்கே வரும் என்று பாருங்கள். பிடோக் ஜெட்டியில் நின்றால் கடலில் வரிசையாகக் கப்பல்கள் தெரியும், ஒரு பைனாகுலர் எடுத்துப் போங்கள். நங்கூரம் உரசும் இடம், தளத்து நீர் வடியும் துளைக்குக் கீழே, வெல்டிங் கோடு, பெயின்ட் சுரண்டுப்பட்ட விளிம்பு. மற்ற இடமெல்லாம் பெயின்ட்தான். ஓடும் இழுவைப் படகை அடிக்கடி பெயின்ட் அடித்துப் பராமரிப்பார்கள். உடல் முழுக்கத் துரு பிடித்தால் அது உடைக்கப் போகும் படகு. படகின் பக்கத்தில் தொங்கும் டயர் உரசிய இடம் கறுப்பாக இருக்கும், அதில் துரு வைக்காதீர்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சிவப்பு, பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்ட். அதுவும் துரு இல்லை. வெண்கலச் சுழலி துருப்பிடிக்கவே பிடிக்காது.

அளவையும் மறக்காதீர்கள். 1/108இல் 1 மி.மீ. என்றால் நிஜத்தில் 10.8 செ.மீ. ஆகவே வழிந்த துருக்கோடு 0.3 மி.மீ.க்கு மேல் தடித்தால் பொம்மைத்தனம் வந்துவிடும். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்டை அட்டைமேல் ஒரு மணி நேரம் வைத்தால் எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். துளைக்குக் கீழே 000 பிரஷால் ஒரு புள்ளி. பத்து நிமிடம் கழித்து, வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷால் நேர் கீழே இழுங்கள், 10–15 மி.மீ. மேல் முனை அடர்த்தி, கீழ் முனை மறைய வேண்டும். முழு மேட் பரப்பில் கறை பரவும், முழு கிளாஸில் ஒட்டாது, செமி-கிளாஸ்தான் சரி.

தாழ்வாரப்படகு
நன்றி அண்ணே, எல்லாருக்கும். முன்பாதி அசையவில்லையே, அதை அப்படியே விடலாமா? வினிகரில் ஊறிய இரும்புக் கம்பளித் துருப்பொடியைத் தூவலாமா?

எண்ணெய்வண்ணம்
முன்பாதியைக் கழுவ வேண்டாம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டால் அடிப்பூச்சும் போய்விடும். கறுப்பின்மேலேயே ஸ்பஞ்சால் அந்தக் கரும்பழுப்பை, கிட்டத்தட்டக் காய்ந்த நிலையில், விளிம்புகளில் ஒற்றுங்கள். இந்த அளவில் கண் வித்தியாசம் காணாது. பின்பாதியை 1000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து அடியிலிருந்து தொடங்குங்கள்.

வினிகர்த் துரு 1/24க்குப் பரவாயில்லை, 1/108க்குக் குறுணை பெரிது. புளிப்பும் உள்ளே தங்கும். கடையில் கிடைக்கும் அயர்ன் ஆக்சைடு பிக்மென்ட் போதும், தளத்து மூலைகளில் மட்டும். பொடியை ஒட்டவைக்கும் பிக்சர் திரவம் பட்டதும் ஒரு சாயல் கருக்கும், அதனால் தேவையைவிட வெளிறியதை எடுங்கள். அதன்மேல் மேட் கிளியர் அடித்தால் பொடி மறைந்துவிடும், எனவே பிக்மென்ட்தான் கடைசி வேலை.