கூடமாட ஒத்தாசைக்கு வருகிறவர்களுக்கு: சேலம், ஏற்காடு முதியோர் பகல் மையங்களில் பார்த்ததும் பழகியதும்

அஸ்தம்பட்டி, பொறுப்பாளர்

லீவு நாளில் ஒத்தாசைக்கு வருகிறோம் என்று கேட்டு வரும் இளவட்டம் இப்போது கூடியிருக்கிறது. பாதிப்பேர் கையில் கேக் பெட்டி, மீதிப்பேர் கையில் கேமரா. பெரியவர்களும் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு மையம் தினப்படி எங்கே இடறுகிறது என்று மையங்களில் இருக்கும் நீங்கள் அவரவர் வேலையிலிருந்து எழுதுங்கள்.

முதலில் வருகைப் பதிவேடு. பெயரும் வயதும் மட்டும் எழுதிய நோட்டு எதற்கும் உதவாது. ஆளுக்கு ஒரு பக்கம் வேண்டும். உடனே போனை எடுக்கக்கூடிய இரண்டு பேர் நம்பர் (அமெரிக்காவில் இருக்கும் மகன் இரண்டாவது, பக்கத்து வீடுதான் முதல்), சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் போட்டோ, எந்தக் காது கேட்கும், பல்செட் உண்டா, எந்த பஸ்ஸில் வருகிறார். பஸ் எதற்கு என்று கேட்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கொண்டலாம்பட்டி, குகை அம்மாக்கள் அந்த பஸ்ஸுக்குத்தான் வருவார்கள், அந்த பஸ்ஸுக்குத்தான் கிளம்புவார்கள். மூன்றரை மணிக்குப் பாட்டு நிகழ்ச்சி வைத்தால் பாதியில் எழுந்து போகத்தான் செய்வார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அம்மாபேட்டை, பிசியோதெரபிஸ்ட்

நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கணுங்க. கல்யாண மண்டபத்துல போடற கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் சேர் டைல்ஸ் தரையில வழுக்கிட்டுப் போகும். உட்கார்ற இடம் தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கணும், ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணும், முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கணும். குழித்தறியில (குழிக்குள்ள காலை விட்டு நெய்யற கைத்தறி) காலம் பூரா மிதி மிதிச்சவங்க எங்க ஏரியாவுல நிறைய. சேர் தாழ்வா இருந்தா அவங்க முட்டி எழவே விடாது.

எழுப்பிவிடறதுக்கு அக்குளுக்கு அடியில கை கொடுத்துத் தூக்கறாங்க. வேண்டவே வேண்டாம், தோள்மூட்டு பிசகிடும். முதல்ல சேரோட முன்நுனிக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்க. பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்கணும். கைப்பிடியில ரெண்டு கையும். அப்புறம் மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னால குனியச் சொல்லுங்க. அந்த இடத்துல பின்பாரம் தானா குறையும், பாட்டி யாரோட துணையும் இல்லாம எழுந்திருவாங்க. எழுந்ததும் நடக்க விடாதீங்க, பத்து எண்ணும் வரைக்கும் நிக்கட்டும். பி.பி. மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடறவங்களுக்கு எழுந்த வேகத்துல ரத்த அழுத்தம் இறங்கறது உண்டு. மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டிய இறக்கம்தான்.

மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செஞ்சு நோட்டுல எழுதுங்க: சேர்ல இருந்து 3 மீட்டர் தள்ளி தரையில ஒரு கோடு. எழுந்து, வழக்கமான நடையில அதுவரை போய், திரும்பி வந்து உட்காரணும். 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற வாய்ப்பு அதிகம்னு வெச்சுக்கலாம். பக்கத்துல நின்னு "சீக்கிரம், சீக்கிரம்"னு ஏவினா அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

சூரமங்கலம்

வலது முட்டி வலிக்கிறவர் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும், சார்? முக்கால்வாசிப் பேர் வலது கையில்தான் பிடிக்கிறார்கள்.

அம்மாபேட்டை, பிசியோதெரபிஸ்ட்

இடது கையிலங்க. வலியுள்ள காலும் எதிர்ப்பக்கத்துத் தடியும் சேர்ந்தே முன்னால போகணும். அளவுக்கு, செருப்போட நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ அங்க தடியோட பிடி இருக்கணும். தாத்தா விட்டுட்டுப் போன தடியைப் பாட்டி பிடிச்சா தோள் தூக்கிக்கும். அடியில இருக்கற ரப்பர் புஷ்ஷைத் திருப்பிப் பாருங்க. வரி தேஞ்சு மொழுமொழுன்னு ஆயிருந்தா, ஈரமான பாத்ரூம் வாசல்ல அதுவே ஆளைத் தள்ளிவிடும். புஷ் சில ரூபாய்தான், மருந்துக்கடையில அளவு காட்டி வாங்கிக்கலாம்.

குகை, ஓய்வுபெற்ற நர்ஸ்

பி.பி. மேசையில் தன்னார்வலர்கள் உட்காரும்போது நடப்பது இது: ஆள் பஸ் இறங்கி, படியேறி வந்த மூச்சோடு கையில் பட்டையைக் கட்டுகிறார்கள். 170 காட்டுகிறது. "ஐயையோ" என்கிறார்கள். அடுத்த தடவை 180 காட்டாமல் என்ன செய்யும்? ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். பட்டை சட்டைக்கு மேலே கூடாது. சட்டையை இறுக்கிச் சுருட்டி அதற்குக் கீழே கட்டினாலும் தப்பு. அரைமணிக்குள் காப்பி குடித்திருந்தாலோ சிறுநீர் முட்டிக்கொண்டு இருந்தாலோ அளவு கூடுதலாகத்தான் வரும். அளக்கும்போது பேச்சே வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொல்வது உங்கள் வேலை இல்லை. வாய் குழறுவது, ஒரு பக்கம் கை தளர்வது, நெஞ்சு வலி, இதில் எது இருந்தாலும் பி.பி. எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108.

அடுத்தது, பதினோரு மணிச் சர்க்கரைத் தாழ்வு. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பஸ் போய்விடும் என்று டிபனைப் பாதியில் விட்டு வருகிறவர்களுக்கு இந்த நேரத்தில்தான் வரும். வியர்ப்பார், கை நடுங்கும், சம்பந்தமில்லாமல் கோபப்படுவார். "பெரியவருக்கு இன்றைக்கு மனசு சரியில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். பாலும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு ஆகாது. கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியிருந்தால் இரண்டு இட்லியாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

ஏற்காடு

மலையில் கணக்கே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி பிடித்தால் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். மகள், மருமகள் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பாட்டி வீட்டோடு நின்றுவிடுவார். வருகை குறைந்துவிட்டது என்று அப்போது கூட்டம் போட்டுப் பேசுவது வீண்.

இங்கே அதிகம் கெடுவது காது மெஷின். பனி ஈரம் உள்ளே இறங்கிவிடும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி அளவை ஸ்டிக்கர் நிறத்தை வைத்தே சொல்லலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும். உரித்து மூன்று நான்கு நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் போட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஸ்டிக்கரை மறுபடி ஒட்டினாலும் தீர்வது நிற்காது. மெஷின் 'குய்ய்' என்று கத்தினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். காதுக்குள் வைக்கும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குரும்பி அடைத்திருக்கிறது. மெஷின் இல்லாதவரிடம் கத்திப் பேசினால் சத்தம்தான் போய்ச் சேரும், வார்த்தை சேராது. நல்ல காதுப் பக்கம், முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்ந்து, கொஞ்சம் கட்டைக் குரலில் நிறுத்திப் பேசுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத் துணைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை என்றால் 20 கொண்டை ஊசி வளைவும் வெறும் வயிற்றில்தான். முன்சீட்டு, வாந்தி வந்தால் பிடிக்கக் கையில் கவர், பையில் சாப்பாடு. சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாப்பேட்டை, இ-சேவை அனுபவம்

உயிர்ச்சான்று, அதாவது பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் கொடுக்கும் சான்று. மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். இது தெரியாமல் எல்லோரும் நவம்பரில் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

தறி ஓட்டினவர், வெள்ளிக் கொலுசு வேலை பார்த்தவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். ரேகை மெஷினில் பத்து தடவை அழுத்தி நேரத்தைக் கொல்லாமல் முகச் சரிபார்ப்புக்குப் போய்விடுங்கள். போனில் உயிர்ச்சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியும் முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் இரண்டும் இருக்க வேண்டும். முதலில் போனை இயக்குகிற உங்கள் ஆதாரும் முகமும், பிறகு பென்ஷன்காரருடையது. ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்து நிராகரிக்கும். ஆளை ஜன்னல் பார்த்து உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள், கண்ணை ஒருமுறை இமைக்கச் சொல்லுங்கள். பி.பி.ஓ. எண்ணை (பென்ஷன் ஆணை எண்) அவர் சொல்லி எழுதாதீர்கள், புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். மறுமணமா, மறுபடி வேலையில் சேர்ந்தாரா என்று இரண்டு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' விழுந்துவிட்டால் பென்ஷன் நின்று, அதைச் சரிசெய்ய அலைச்சல்தான். எஸ்.எம்.எஸ். வந்ததோடு முடிந்துவிடவில்லை, அது சான்று உருவானதற்கான சேதி. ஏற்றார்களா என்று இரண்டு மூன்று நாள் கழித்து இணையதளத்தில் பாருங்கள். படுக்கையில் இருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார், மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்குக் கட்டணம் 70 ரூபாய். முதியோர் உதவித்தொகை (2023 ஆகஸ்டில் 1,200 ஆனது) வாங்குகிறவர்களை இந்த வரிசையில் நிறுத்தாதீர்கள், அது வட்டாட்சியர் அலுவலகத்து விஷயம்.

ஏ.டி.எம். பின் நம்பரை அவரே விரும்பிச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். போலீஸ் போலப் பேசி "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டும் போன் வந்து பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930, சைபர் மோசடிக்கான உதவி எண்.

அஸ்தம்பட்டி, பொறுப்பாளர்

இதோடு 14567-ஐயும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். மூத்த குடிமக்களுக்கான உதவி எண், கட்டணம் இல்லை. பிள்ளைகள் சோறு போடவில்லை என்ற பேச்சு வந்தால் தன்னார்வலர் பஞ்சாயத்துப் பண்ணப் போக வேண்டாம். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன் மனு கொடுக்கலாம். வீட்டை எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் ஒன்றை மட்டும் காதில் போடுங்கள்: கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். பார்க்காவிட்டால் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அதுதான் பிடிமானம்.

பேர்லேண்ட்ஸ்

விளையாட்டு பற்றி ஒரு வரி. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை வேண்டாம், மரத்துப்போன விரலில் நிற்காது, சோழி போடுங்கள். ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை மஞ்சள் துணியில் கறுப்புக் கோடாக இரண்டடி அகலத்துக்கு வரைந்தால் கண்புரை உள்ளவருக்கும் தெரியும். 3 புலி, 15 ஆடு. புலியை எடுத்துக்கொண்டு பெரியவருக்கு விட்டுக்கொடுத்து விளையாடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள், மறுநாள் உங்களோடு உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று: தட்டுவடை செட் (தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த் துருவலும் வைத்தது) கேட்கிறார்கள். கொடுக்கலாமா, அம்மா?

குகை, ஓய்வுபெற்ற நர்ஸ்

சேலத்தில் இருந்துகொண்டு அதைக் கூடாது என்று சொன்னால் யாரும் மையத்துக்கே வரமாட்டார்கள். பல்செட்காரர்களுக்குத் தட்டுவடையைச் சட்னியில் நொறுக்கிப் போட்டு, மெத்தென்று ஊறினபிறகு ஸ்பூனில் கொடுங்கள். பீட்ரூட், கேரட் துருவல் இன்னும் பொடியாக இருக்கட்டும், நீளத் துருவல் தொண்டையில் ஒட்டும். பக்கவாதம் வந்தவர், தண்ணீர் குடித்தாலே இருமுகிறவர், இவர்களுக்கு மட்டும் வேண்டாம். அன்று பி.பி. மேசையை செட் வருவதற்கு முன்னாலேயே மூடிவிடுங்கள்.