மறு: டைம் ஆஃப் டே கிளாக் – ‘பொழுதெண்ணி’ எனலாமா?

வணக்கம்.

> டைம் ஆஃப் டே கிளாக் – நிகழ்நேரக் கடிகாரம்

இந்த வரியைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். நிகழ்நேரக் கடிகாரம் என்றதும் பேட்டரி இருக்கும், தனிப் படிகம் இருக்கும், கணினியை அணைத்தாலும் ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நாம் பேசுகிற டைம் ஆஃப் டே கிளாக் இருக்கும் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் அதெல்லாம் கிடையாது. அதிலுள்ள 6526 சில்லு, பவர் சப்ளையின் 9 வோல்ட் ஏசியிலிருந்து வரும் அலைகளை எண்ணுகிறது. ஐந்து அலைக்கு ஒருமுறை பத்தில் ஒரு விநாடியைக் கூட்டுகிறது. ஸ்விட்சை அணைத்தால் நேரமும் போச்சு.

அதுவும் நாம் சொல்லி வைத்தால்தான் ஐந்து. ரீசெட் ஆனதும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அலை) என்று நம்பி ஆறு ஆறாக எண்ணும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் போனால் 50 நிமிடம்தான் காட்டும். 56334-ஆம் நினைவக முகவரியின் மதிப்போடு 128-ஐ ‘ஆர்’ (OR என்ற பிட் கணக்கு) செய்து திரும்ப எழுதினால் சரியாகிவிடும்.

குன்னூரில் இந்தச் சில்லு எண்ணுவது, பக்கத்திலுள்ள குந்தா நீர்மின் நிலையங்களின் டர்பைன்களும் நாட்டின் மற்ற ஜெனரேட்டர்களும் சேர்ந்து சுற்றுகிற வேகத்தை. 2013 டிசம்பர் 31-ல் தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைவதற்கு முன், சுமை ஏறினால் அதிர்வெண் நன்றாகவே இறங்கும். 49 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள்: மணிக்கு 72 விநாடி பின்தங்கும். ஐப்பசி மழையில் கரண்ட் போய் யூபிஎஸ் எடுத்துக்கொண்டால், அப்புறம் யூபிஎஸ் போடும் தாளம்தான் நேரம். (இங்கே ஐப்பசியில் கரண்ட் எவ்வளவு நேரம் போகும் என்று கேட்காதீர்கள்.)

அதே சில்லின் டைமர்கள் வேறு வகை. 16 பிட், செயலியின் துடிப்பை எண்ணிக் கீழே இறங்கும். பால் (PAL) என்ற டிவி முறைக்கான கமடோரில் விநாடிக்கு 9,85,248 துடிப்பு. முதல் டைமர் சுழியைத் தாண்டும்போதெல்லாம் இரண்டாவதில் ஒன்று குறையும்படி கோக்கலாம். 32 பிட் கிடைக்கும், சுமார் 72 நிமிடம் வரை துடிப்பு துடிப்பாக அளக்கலாம். ஒரு நிரல்துண்டின் வேகத்தைப் பார்க்க இதுதான் வழி. பத்தில் ஒரு விநாடிக் கணக்கு அதற்கு உதவாது.

ஆக இரண்டுமே எண்ணிகள், எண்ணப்படும் பொருள்தான் வேறு. ‘கடிகாரம்’ என்ற சொல்லைச் செயலித் துடிப்புக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதனால் என் பரிந்துரை: டைம் ஆஃப் டே கிளாக்குக்குப் பொழுதெண்ணி, டைமருக்கு இறங்கெண்ணி. முன்பகல் பின்பகல் பிரித்து 12 மணி வரை மட்டும் எண்ணி, தேதியே தெரியாமல் ஓடுவதற்குப் பொழுது என்ற சொல் கச்சிதமாக உட்காருகிறது. ‘பொழுதுகாட்டி’ என்று முன்பு ஒருவர் சொன்னது காதுக்கு இனிமைதான். ஆனால் இந்தச் சில்லு எதையும் காட்டாது, நிரல் போய்ப் படிக்க வேண்டும்.

படிப்பதில் இன்னொரு சிக்கல். மணிப் பதிவகத்தை (சில்லுக்குள் மணியின் எண் இருக்கும் இடம்) படித்த உடனே வெளியே தெரியும் எண்கள் உறைந்துவிடும். பத்தில்-ஒரு-விநாடிப் பதிவகத்தைப் படித்தால்தான் விடுபடும். உள்ளே எண்ணிக்கை தொடர்ந்து நடக்கும். இப்படி மதிப்பைப் பிடித்து வைப்பதுதான் லேட்ச். அதற்குப் பட்டியலில் ‘தாழ்’ என்று போட்டிருக்கிறீர்கள். தாழ் போட்டால் கதவு நின்றுவிடும், இங்கே நிற்பது எதுவுமில்லை. ‘பிடிபடி’ என்று ஒன்று தோன்றுகிறது, அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேறு யாராவது சொல்லுங்களேன்.