எம்.எஸ். நோய் ஆணுக்கு வந்தபோதும் பெண்ணுக்கு வந்தபோதும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்

என் அண்ணனுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ். - மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே அரிக்கும் நோய்) என்று உறுதியான அன்று, உடன் வந்திருந்த உறவினர் ஒருவர், "அது பெண்களுக்கு வருகிற நோயல்லவா?" என்று கேட்டார். நோயின் பெயரைவிட அந்தக் கேள்விதான் அண்ணனைக் கூசவைத்தது. அப்போது அவருக்கு வயது 44. கண் மங்கவில்லை, கை மரத்துப்போகவில்லை. இடது கால் மட்டும் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே வந்தது. இடுப்பு டிஸ்க் என்று சொல்லிப் பிசியோதெரபி நடந்துகொண்டிருந்தது. நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது ஸ்கேனை அல்ல, அவருடைய செருப்பை. வலது செருப்பின் அடி சீராகத் தேய்ந்திருக்க, இடது செருப்பின் முன்நுனி மட்டும் ரப்பர் பிய்ந்து கிடந்தது. "எவ்வளவு காலமாகக் காலை இழுத்து நடக்கிறீர்கள்?" என்றார்.

வந்து வந்து தணிகிற வகையில்தான் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கு. அண்ணனுக்கு வந்திருப்பது தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகை. பெரும்பாலும் நாற்பதை ஒட்டித் தொடங்கும் அதில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம்.

மதுரை உறுப்பினர்

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. கல்லூரி நாட்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனபோது பரீட்சைப் பயம் என்றார்கள். சில வாரங்களில் அது தானாகவே சரியாகிவிட்டதால் அவர்கள் சொன்னதே உண்மையென்று ஆகிவிட்டது. கர்ப்பமாக இருந்த மாதங்களில் உடம்பு மிக நன்றாகவே இருந்தது. குழந்தை பிறந்து இரண்டாம் மாதம், வலது கண்ணை அசைத்தாலே வலித்தது. தூளி கட்டியிருந்த சிவப்புச் சேலையை இடது கண்ணால் பார்த்தால் சிவப்பு. வலது கண்ணால் பார்த்தால் வெயிலில் வெளுத்த செங்கல் நிறம். பச்சை உடம்பு, தூக்கம் கெட்டிருக்கிறது என்றே வீட்டிலும் சொன்னார்கள், முதலில் பார்த்த மருத்துவரும் சொன்னார். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் எம்.எஸ். தாக்குதல் வெகுவாகக் குறைந்து, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் மீண்டும் கூடும் என்பது, ஐரோப்பாவின் 12 நாடுகளில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியான ஆய்விலேயே இருக்கிறது.

சென்னை உறுப்பினர்

என் கணவருக்கும் எம்.எஸ். தான். ஆண்களுக்கு வந்தால் சில ஆண்டுகளில் சக்கர நாற்காலிதான் என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

டொரான்டோ உறுப்பினர்

இந்நோய் மிகுதியாக உள்ள கனடாவில் நரம்பியல் பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவன் நான். சென்னைச் சகோதரியிடம் அப்படிச் சொன்னவர் சராசரியை ஜாதகமாக்கிவிட்டார். ஆண்களுக்கு நடையும் உடலின் சமநிலையும் கூடுதலாகப் பாதிக்கப்படுவதும், தாக்குதலிலிருந்து அவர்கள் மீள்வது குறைவாக இருப்பதும் உண்மையே. ஆனால் ஊன்றுகோல்கூட இல்லாமல் ஓய்வு பெற்ற ஆண்களையும், முப்பது வயதில் படுக்கையான பெண்ணையும் நான் கவனித்திருக்கிறேன். திருச்சிச் சகோதரி சொல்லும் "இரண்டு மூன்று பெண்கள்" என்பதும் நிலையான கணக்கல்ல. பூப்பெய்தும் வயதுக்கு முன் வரும் நோயில் ஆண் பெண் வேறுபாடு அநேகமாக இல்லை. அதற்குப் பிறகுதான் விகிதம் ஏறுகிறது. கனடாவில் 2006-இல் வெளியான ஆய்வின்படி, அந்த விகிதம் ஐம்பது ஆண்டுகளாக உயர்ந்து 3-ஐயும் தாண்டிவிட்டது. மரபணு இவ்வளவு விரைவில் மாறாது என்பதால், ஹார்மோனோடு சூழலும் சேர்ந்தே இதைச் செய்கிறது என்று கொள்ள வேண்டும்.

மதுரைச் சகோதரி கேட்கவில்லையென்றாலும் சொல்கிறேன். அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று பாருங்கள். 2004-இல் கண்டறியப்பட்ட அந்த எதிர்ப்பொருள் இருந்தால், நோய் எம்.எஸ். அல்ல, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறு நோய். அதில் பெண்களின் பங்கு இன்னும் பன்மடங்கு அதிகம், எம்.எஸ்.-க்குத் தரும் இன்டர்ஃபெரான் மருந்து அதை மோசமாக்கவும் கூடும். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணமிருந்தால் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எம்.எஸ். மாத்திரைகளில் ஒன்றான டெரிஃப்ளூனமைடு கருவைப் பாதிக்கக்கூடியது. வெயிலில் பார்வை மங்கினால் உடனே புதிய தாக்குதல் என்று அஞ்ச வேண்டாம். உடல் சூடேறினால் பழைய அறிகுறி சற்று நேரம் தலைகாட்டும், குளிர்ந்ததும் அடங்கும். ஒரு நாள் முழுவதும் நீடித்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மதுரை உறுப்பினர்

அந்தப் பரிசோதனை முதலிலேயே எடுத்தாகிவிட்டது ஐயா, எதிர்ப்பொருள் இல்லை.

திருச்சி உறுப்பினர்

ஐயா சராசரியைப் பற்றிச் சொன்னதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன்; தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய வகைக்கென்று 2017-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒப்புதல் பெற்ற ஓக்ரெலிசுமாப் மருந்தை ஏற்றிக்கொள்ளச் சென்றிருந்தோம். அறையில் மற்ற படுக்கைகளில் எல்லாம் பெண்கள். செவிலியர் கோப்பைத் திறக்கும் முன்பே, ஊசி போட நரம்பு தேடி என் கையைப் பிடித்துவிட்டார்.