புதுப்பிப்பு: அம்மாவின் பெருங்குடல் புற்றுநோய், கீமோவுக்குப் பிறகு ஆபரேஷன் முடிந்தது

மும்பை செம்பூரில் இருக்கும் அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் சினைப்பைக்கும் பரவிவிட்டது, கீமோ மட்டும்தான் என்கிறார்கள், வேறு வழி உண்டா என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஸ்கேன், பயாப்ஸி ஸ்லைடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பரேலில் உள்ள டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேளுங்கள் என்று ஒரு அக்கா சொன்னதுதான். அங்கே அறுவை மருத்துவரும் கீமோ மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள். முதலில் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ 4 சுற்று. கல்லீரல் கட்டிகள் நன்றாகச் சுருங்கின, சினைப்பைக் கட்டி மட்டும் அப்படியே இருந்தது. அங்கே பரவியது பல நேரம் கீமோவுக்கு மசியாது, எடுப்பதே நல்லது என்றார்கள். ஒரு மாதம் உடம்பு தேறவிட்டு, ஒரே ஆபரேஷனில் குடலின் அந்தப் பகுதி, கல்லீரல் கட்டிகள், 2 சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். 12ஆம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது மீதி கீமோ ஓடுகிறது.

எதிர்பாராதது குளிர்ச்சிதான். முதல் சுற்று முடிந்த மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தவர், விரலெல்லாம் ஊசி குத்துகிறதென்று அப்படியே கீழே வைத்துவிட்டார், நான் பயந்தே போனேன். ஆக்ஸாலிபிளாட்டினில் இது சகஜமாம், ஆனாலும் மரத்துப்போவது நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் அளவைக் குறைப்பார்கள். அப்புறம் கையுறை வாங்கினேன், குடிக்க வெந்நீர்தான்.